தங்கவயலில் ஊர்ப்பொதுக் காப்பிடம்: நிலமும் நிதியும்

ஒரு சுரங்கம் நடைபெறும் காலத்தில் அதன் வரவு செலவு நாள்தோறும் கணக்கிடப்படுகிறது. எத்தனை டன் தாது வெட்டப்பட்டது, எவ்வளவு பொன் கிடைத்தது, எவ்வளவு கூலி வழங்கப்பட்டது என்பவையெல்லாம் பேரேட்டில் ஏறுகின்றன. ஆனால், சுரங்கம் மூடப்பட்டபின் நிலத்தைச் சீர்செய்யும் செலவு எந்தப் பேரேட்டிலும் ஏறாமல் விடுபட்டுப் போவதுண்டு. கோலார் தங்கவயல் இதற்குத் தக்கதோர் உதாரணமாகும். அங்கே எஞ்சியுள்ள நிலத்தின் ஒரு பகுதியை ஊராரின் பொதுச் சொத்தாகிய இயற்கைக் காப்பிடமாக மாற்ற இயலுமா, இயலுமாயின் அதற்கான பணம் எங்கிருந்து வருதல் வேண்டும் என்னும் இரு கேள்விகளும் இப்பொழுது ஆராயத்தக்கவை. இரண்டாம் கேள்விக்கு விடை காணாமல் முதற் கேள்விக்கு மட்டும் விடை கண்டு பயனில்லை.

பொன் போனபின் எஞ்சியவை

தங்கவயலின் வரலாறு பெரும்பாலோர் அறிந்ததே. 1880-ஆம் ஆண்டு முதல் ஜான் டெய்லர் கம்பெனியார் இங்குப் புதிய முறையில் சுரங்கத் தொழிலை நடத்தினர். 1902-இல் சிவசமுத்திரம் நீர்வீழ்ச்சியிலிருந்து இவ்வயலுக்கு மின்சாரம் வந்தது. 1956-இல் மைசூர் அரசாங்கமும், 1962-இல் மத்திய அரசாங்கமும் சுரங்கங்களை ஏற்றன. 1972-இல் பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் அமைக்கப்பட்டது. 2001-ஆம் ஆண்டு பிப்ரவரி மாத இறுதியில் சுரங்கங்கள் மூடப்பட்டன. ஏறத்தாழ 120 ஆண்டுகளில் 800 டன்னுக்கு மேற்பட்ட தங்கம் இங்கே எடுக்கப்பட்டது. சுரங்கங்கள் 3 கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழத்தை எட்டின. அந்த ஆழத்தை விஞ்ஞானமும் பயன்படுத்திக் கொண்டது. வளிமண்டலத்தில் தோன்றும் நியூட்ரினோத் துகள்கள் 1965-இல் இங்கேதான் கண்டறியப்பட்டன.

இவ்வளவு பெருமைக்கும் அடிநிலையாக நின்றவர்கள் வட ஆற்காடு, சேலம், சித்தூர் முதலிய மாவட்டங்களிலிருந்து வந்து குடியேறிய தொழிலாளர்களே. அவர்களுள் மிகப் பலர் தமிழ் பேசுவோர். சுரங்கம் மூடியபின் அவர்களுடைய மக்களும் பேரர்களும் வேலை நாடி விடியற்காலையில் இரயிலேறிப் பெங்களூருக்குச் சென்று இரவில் திரும்புகின்றனர். பொன் போயிற்று, ஊர் போகவில்லை. ஊரோடு மற்றொன்றும் எஞ்சி நிற்கிறது. அது அரைத்துச் சலித்த கற்பொடியின் பெருங் குவியல்.

இக்குவியல் உண்டான விதத்தைக் களப்பணியாளரும் ஆசிரியரும் தெளிவாக அறிந்திருத்தல் நலம். ஒரு டன் பாறையில் சில கிராம் தங்கமே இருக்கும். அதைப் பெறுவதற்கு அந்த டன் முழுவதையும் மாவாக இடித்தல் வேண்டும். அம்மாவைச் சுண்ணாம்பு கலந்த சயனைடுக் கரைசலில் ஊறவைத்தால் தங்கம் கரைசலில் இறங்கும். பின்னர்த் துத்தநாகத் தூளைக் கொண்டு அத்தங்கம் பிரித்தெடுக்கப்படும். பொன்னைப் பிரித்தபின் எஞ்சுவது ஏறக்குறைய முழு டன் கற்பொடி. தங்கவயலில் இவ்வாறு சேர்ந்த பொடி 13 மேடுகளாகக் குவிந்து கிடக்கிறது. அதன் மொத்த அளவு ஏறத்தாழ 3 கோடியே 30 இலட்சம் டன் எனக் கணக்கிடப்பட்டுள்ளது. ஊரார் இவற்றைச் சயனைடு மேடுகள் என்றே வழங்குவர்.

பெயரில் சயனைடு இருப்பினும், இம்மேடுகளின் முதன்மையான தீங்கு இன்று சயனைடு அன்று. கரைசலில் தனித்து நிற்கும் சயனைடு, வெயிலிலும் காற்றிலும் பெரும்பாலும் சிதைந்துவிடும். உலோகங்களோடு பிணைந்த சயனைடுக் கூட்டுப் பொருள்களும், தாதுவோடு வந்த கந்தகச் சேர்மங்களும், கன உலோகங்களும் அவ்வளவு எளிதில் நீங்குவதில்லை. இவற்றினும் நேரான தொல்லை தூசியே. தென்மேற்குப் பருவக் காற்று வீசும் மாதங்களில் மென்மையான கற்பொடி எழுந்து குடியிருப்புகளிலும் வயல்களிலும் படிகிறது. மணற்சத்து மிகுந்த இத்தகைய தூசியை நெடுங்காலம் சுவாசித்தால் நுரையீரல் கெடும் என்பது சுரங்கத் தொழிலாளர் குடும்பங்களுக்கு எவரும் எடுத்துச் சொல்ல வேண்டாத செய்தி. மழைக் காலத்தில் அதே பொடி கரைந்து ஓடைகளையும் ஏரிகளையும் தூர்க்கிறது. ஆண்டிற்கு ஏறத்தாழ 700 மில்லிமீட்டர் மழையே பெறும், வற்றாத ஆறு ஒன்றும் இல்லாத, ஏரிகளையே நம்பிய கோலார் மாவட்டத்தில் ஓர் ஏரி தூர்வது சிறு நஷ்டமன்று.

தரிசு என்னும் சொல்

சுரங்க நிறுவனத்தின் வசம் இருந்த நிலம் 12,000 ஏக்கருக்கு மேற்பட்டது. மேடுகள் அதில் ஒரு பகுதியே. ஏனைய பகுதியில் குடியிருப்புகளும், பழைய கட்டடங்களும், பாறைக் குன்றுகளும், புல்வெளிகளும், முட்புதர்களும் உள்ளன. வருவாய்க் கணக்கில் இப்புல்வெளிகள் பெரும்பாலும் தரிசு என்றே குறிக்கப்படும். அச்சொல் உழவுக்குப் பொருந்தலாம், உயிரினங்களுக்குப் பொருந்தாது. திருகிய கொம்புகளையுடைய வெளிமான்கள் இத்திறந்த வெளிகளில் மேய்கின்றன. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இடம்பெற்ற இவ்விலங்கு அடர்ந்த காட்டில் வாழ்வதன்று. தொலைவிலுள்ள பகையைக் கண்டு ஓடிப் பிழைப்பதே அதன் இயல்பாதலால், பார்வைக்குத் தடையில்லாத புல்வெளியே அதற்கு வீடு. புல்லில் கூடு கட்டும் வானம்பாடி, காடை முதலிய பறவைகளுக்கும் இதுவே இருப்பிடம்.

இந்நிலத்தின் பாறைகளும் கவனிக்கத்தக்கவை. தங்கவயல் அமைந்துள்ள கோலார்ப் பாறைப் பட்டை வடக்கு தெற்காக ஏறத்தாழ 80 கிலோமீட்டர் நீளமுடையது. அது மிகத் தொன்மையான எரிமலைக் குழம்பு இறுகி மாற்றமுற்றதாகும். இப்பட்டையிலுள்ள பெத்தபள்ளியின் எரிமலைத் துகட்பாறைகளை இந்தியப் புவியியல் ஆய்வுத்துறை தேசியப் புவியியல் நினைவுச் சின்னமாக அறிவித்துள்ளது. ஆகவே தங்கவயல் வட்டாரம் புவியியல், தாவரவியல், விலங்கியல், தொழில் வரலாறு ஆகிய நான்கையும் ஒரே நடையில் மாணவர்க்குக் காட்டவல்ல இடமாகும். இதைக் காப்பிடம் ஆக்குதல் வேண்டும் என்னும் கருத்து, அழகுணர்ச்சியினால் மட்டும் எழுவதன்று.

செலவு ஏன் ஒருவர் மீதும் விழவில்லை

நிலத்தைச் சீர்செய்யும் பணம் ஏன் ஒதுக்கப்படவில்லை என்பதற்கு விடை ஒரு தேதியில் உள்ளது. சுரங்கம் நடத்துவோர் அதை மூடும் திட்டத்தை முன்னதாகவே வகுத்துத் தருதல் வேண்டும் என்றும், அதற்கு ஈடாக நிதிப் பிணை வைத்தல் வேண்டும் என்றும் இந்தியாவில் விதி செய்யப்பட்டது 2003-ஆம் ஆண்டில். தங்கவயல் மூடப்பட்டது 2001-இல். இரண்டாண்டு இடைவெளியில், நாட்டின் மிகப் பழைய தங்கச் சுரங்க வட்டாரம் ஒன்று அவ்விதியின் வரம்புக்கு வெளியே நின்றுவிட்டது. பிணைப் பணம் இல்லை. மூடும் திட்டத்தை நிறைவேற்றும் கடமையும் ஒருவருக்கும் விதிக்கப்படவில்லை. தூசி மட்டும் ஊரார் பங்காயிற்று.

இப்பொழுது நிலைமை மாறும் அறிகுறி தோன்றியுள்ளது. மேடுகளில் டன் ஒன்றுக்கு ஒரு கிராமுக்கும் குறைந்த அளவில் தங்கம் எஞ்சியுள்ளது. தங்கத்தின் விலை உயர்ந்துவிட்டமையால், முன்பு கழிவென்று தள்ளியதை மீண்டும் அரித்தெடுப்பது இலாபம் தரலாம். 13 மேடுகளிலும் மேற்பரப்புச் சுரங்க வேலை செய்வதற்கான மத்திய அரசாங்கத்தின் கோரிக்கைக்குக் கர்நாடக அமைச்சரவை 2024 ஜூன் மாதத்தில் இசைவளித்தது. நிலத்தின் மற்றொரு பகுதியைத் தொழிற் பேட்டைக்காகப் பெறவும் மாநில அரசாங்கம் முயன்று வருகிறது. இவ்விரண்டும் தவறென்று கூறுவதற்கில்லை. வேலையற்ற ஊருக்கு வேலை வேண்டும். ஆனால், மேடுகளை இரண்டாம் முறை அரைப்பவர்கள் இரண்டாம் முறையும் பொடியை விட்டுச் செல்லுதல் கூடாது. ஒரு முறை தவறிய சந்தர்ப்பம் மறுமுறை வாய்ப்பது அரிது. இங்கே அது வாய்த்திருக்கிறது. சீர்செய்யும் பணத்தை வேலை தொடங்கு முன்னரே, உரிம நிபந்தனையாகவே, வாங்கி வைத்தல் வேண்டும்.

டன்னுக்குப் பத்து ரூபாய்

எவ்வளவு வாங்குவது என்பதை ஒரு கணக்கினால் விளக்கலாம். இது திட்டமன்று, அளவை உணர்த்தும் உதாரணமே. மேடுகளிலிருந்து எடுக்கும் ஒவ்வொரு டன் பொடிக்கும் 10 ரூபாய் வீதம் ஒதுக்கினால், 3 கோடியே 30 இலட்சம் டன்னுக்கு 33 கோடி ரூபாய் சேரும். ஒரு கிராம் தங்கம் பல்லாயிரம் ரூபாய் விற்கும் காலத்தில் டன்னுக்குப் பத்து ரூபாய் பெரும் பாரமன்று. இதில் 13 கோடியை முதலாண்டுகளின் மண் வேலைக்கும், வடிகாலுக்கும், வேலிக்கும், நாற்றங்காலுக்கும் செலவிடலாம். எஞ்சிய 20 கோடியைத் தொடாத மூலதனமாக வைத்தல் வேண்டும். நூற்றுக்கு 7 வீதம் வட்டி கிடைப்பின் ஆண்டுக்கு 1 கோடியே 40 இலட்சம் வரும். விலைவாசி ஏற்றத்திற்கு ஈடாக 60 இலட்சத்தை முதலோடு சேர்த்துவிட்டால், 80 இலட்சம் கைக்கு நிற்கும். மாதம் 15,000 ரூபாய் ஊதியத்தில் 40 பேருக்கு ஆண்டு முழுதும் வேலை கொடுக்க 72 இலட்சம் போதும். மீதி 8 இலட்சம் விதைக்கும் கருவிக்கும் மண் பரிசோதனைக்கும் ஆகும்.

இக்கணக்கின் கருத்து, ஆண்டு மானியத்திற்கும் மூலதன நிதிக்கும் உள்ள வேற்றுமையே. மானியம் மழைக் காலத்தில் வருகிறது, கன்று நடப்படுகிறது, படம் எடுக்கப்படுகிறது. அடுத்த கோடையில் நீர் ஊற்றுவதற்கு ஆளில்லை. அடுத்த ஆண்டு அதே குழியில் மீண்டும் கன்று நடப்படுகிறது. களப்பணியில் சில ஆண்டுகள் இருந்தவர் எவரும் இதைக் கண்டிருப்பர். நிலத்தைச் சீர்செய்தல் பத்திருபது ஆண்டு வேலை. பத்திருபது ஆண்டு வேலைக்கு ஓராண்டுப் பணம் பொருந்தாது. ஊரார் பெயரில் நிலத்தை எழுதிக்கொடுத்து, அதைக் காக்கும் வருமானத்தைக் கொடாமல் விடுவது, மாட்டைக் கொடுத்துத் தீவனத்தை மறுப்பது போலாகும். சில ஆண்டுகளில் காப்பிடம் குப்பைமேடாகும். குற்றம் ஊரார் மீது விழும்.

மேடுகளை அரிக்கும் வேலை தாமதப்படலாம், அல்லது நடவாமலும் போகலாம். அதற்காகக் காத்திருத்தல் வேண்டுவதில்லை. 2015-ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்தின்படி மாவட்டந்தோறும் கனிம அறநிதி அமைக்கப்பட்டு, சுரங்க உரிமம் பெற்றோர் செலுத்தும் உரிமைத் தொகையை ஒட்டி ஒரு பங்கு அதில் சேர்கிறது. சுரங்கத்தால் பாதிக்கப்பட்ட பிரதேசங்களின் சுற்றுப்புற நலம் அதன் முதன்மைச் செலவினங்களுள் ஒன்று. 2013-ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டமும், குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட கம்பெனிகள் சராசரி நிகர இலாபத்தில் நூற்றுக்கு 2 பங்கைச் சமூகப் பணிக்குச் செலவிடுமாறு விதித்துள்ளது. இயற்கைச் சமநிலை காத்தலும் அப்பணிகளில் அடங்கும். இவ்வழிகளால் ஒரு மேட்டையேனும், ஒரு புல்வெளியையேனும் எடுத்துக்கொண்டு சிறிய அளவில் தொடங்கலாம். எனினும் இவை துணையே. அடிப்படை நிதி, நிலத்திலிருந்து எடுத்த பொருளிலிருந்தே வருவதுதான் நியாயம்.

உரிமை எவ்வடிவில் அமையும்

ஊர்ப்பொதுக் காப்பிடம் என்பதற்குச் சட்டத்தில் இடமுண்டு. 2002-ஆம் ஆண்டுத் திருத்தத்தினால் வனவிலங்குச் சட்டத்தில் இரு புதிய வகைகள் சேர்க்கப்பட்டன. அரசாங்க நிலத்தில் அமைவது பாதுகாப்பு ஒதுக்கிடம். சமூகத்தினரோ தனியாரோ தம் நிலத்தில் மனமுவந்து அமைப்பது சமூக ஒதுக்கிடம். கர்நாடகத்தில் மண்டியா மாவட்டத்துக் கொக்கரே பெள்ளூர் 2007-இல் சமூக ஒதுக்கிடமாக அறிவிக்கப்பட்டது. அவ்வூரின் புளிய மரங்களில் கூழைக்கடாக்களும் மஞ்சள் மூக்கு நாரைகளும் நெடுங்காலமாகக் கூடு கட்டி வருகின்றன. பறவைகள் தங்குவதால் புளி விளைச்சலில் நேரும் நஷ்டத்திற்கு மரத்தின் சொந்தக்காரர்களுக்கு வனத்துறை ஈடு கொடுத்து வந்துள்ளது. எச்சம் கலந்த மண் உரமாகவும் பயன்பட்டது. பாசமும் பயனும் ஒருங்கே நின்றமையால் அங்குப் பாதுகாப்பு நிலைத்தது. பாசத்தை மட்டும் நம்பி ஒரு குடும்பத்தினிடம் நட்டத்தை ஏற்குமாறு கேட்பது நெடுநாள் செல்லாது என்பதே அதிலிருந்து பெறும் பாடம்.

ஆனால் கொக்கரே பெள்ளூரின் சட்ட வடிவம் தங்கவயலுக்கு அப்படியே பொருந்துவதன்று. சமூக ஒதுக்கிட நிர்வாகக் குழுவுக்கான விதி கிராமப் பஞ்சாயத்தையும் கிராம சபையையும் மனத்திற்கொண்டு எழுதப்பட்டது. தங்கவயலோ நகராட்சிக்கு உட்பட்டது. மேலும் நிலம் ஊராருக்குச் சொந்தமன்று. மத்திய அரசாங்க நிறுவனத்தின் வசமிருந்தது. பாதுகாப்பு ஒதுக்கிடமாக அறிவிப்பதாயின், மத்திய அரசாங்கத்தின் நிலத்திற்கு அதன் முன் இசைவு தேவை.

மூன்றாவது வழி ஒன்றுண்டு. 2002-ஆம் ஆண்டுப் பல்லுயிர்ச் சட்டம், ஸ்தல ஸ்தாபனங்களைக் கலந்து, சிறப்புடைய இடங்களைப் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலங்களாக அறிவிக்க மாநில அரசாங்கத்திற்கு அதிகாரம் தருகிறது. இச்சட்டத்தில் ஸ்தல ஸ்தாபனம் என்பது நகராட்சியையும் குறிக்கும். இத்தகைய தலங்களுள் நாட்டிலேயே முதலாவது, தங்கவயலுக்கு வெகு தொலைவில் இல்லாத தேவனஹள்ளியை அடுத்த நல்லூர்ப் புளியந்தோப்பு. 54 ஏக்கர் பரப்புடைய அத்தோப்பு 2007-இல் அறிவிக்கப்பட்டது. தமிழ்நாட்டில் மதுரை மாவட்டத்து அரிட்டாபட்டி 2022-இல் அவ்வாறு அறிவிக்கப்பட்டது. அப்பகுதியை உள்ளடக்கிய வட்டாரத்தில் டங்ஸ்டன் சுரங்கத்திற்கு 2024-இல் ஏலம் நடந்தபொழுது, ஊரார் தம் எதிர்ப்புக்கு அவ்வறிவிப்பையும் ஆதாரமாகக் காட்டினர். 2025 ஜனவரியில் ஏலம் இரத்தாயிற்று. ஊராரின் ஒற்றுமையே முதற் காரணமாயினும், கையில் ஒரு சட்டப் பத்திரம் இருந்தது துணை செய்தது என்பதில் ஐயமில்லை.

ஆகவே தங்கவயலுக்குத் தக்க ஏற்பாடு இரண்டடுக்காக அமையலாம். புல்வெளியும் குன்றும் சீர்செய்த மேடுகளும் அடங்கிய நிலத்தை முதலில் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவித்தல் வேண்டும். பின்னர் அந்நிலத்தை நகராட்சி, முன்னாள் தொழிலாளர் குடும்பங்கள், சுற்றுக் கிராமப் பஞ்சாயத்துகள் ஆகியோரைக் கொண்ட பொது அறக்கட்டளைக்கு விற்கவோ அடைமானம் வைக்கவோ இயலாத நிபந்தனையுடன் ஒப்படைத்தல் வேண்டும். மூலதன நிதியும் அந்த அறக்கட்டளையின் பெயரிலேயே நிற்றல் வேண்டும். கணக்கைத் தமிழிலும் கன்னடத்திலும் தெலுங்கிலும் ஆண்டுதோறும் பொதுக் கூட்டத்தில் வாசித்தல் வேண்டும். மூன்று மொழியும் வழங்கும் ஊரில், கணக்கு ஒரு மொழியில் மட்டும் இருந்தால் அது பொதுக் கணக்கு ஆகாது.

எதிர்வாதங்கள்

வீடும் வேலையும் இல்லாதவர்க்கு மானும் புல்லும் எதற்கு என்னும் வாதம் அலட்சியம் செய்யத்தக்கதன்று. தொழிலாளர் குடியிருப்புகளின் உரிமை பற்றிய கோரிக்கையே பல்லாண்டு நீடித்த ஊர் இது. ஆனால் அவ்வாதம் காப்பிடத்தையும் வேலையையும் எதிரெதிராக நிறுத்துகிறது. அனுபவம் வேறு விதமாக உள்ளது. கனடா நாட்டுச் சட்பரி நகரில் நிக்கல், செம்பு உருக்காலைகளின் கந்தகப் புகையால் குன்றுகள் கறுத்து மொட்டையாயின. 1978 முதல் மாணவர்களும், பின்னர் வேலையிழந்த சுரங்கத் தொழிலாளர்களும் கூலி பெற்றுச் சுண்ணாம்புக்கல் தூளைக் கையாலேயே தூவிப் புல்லும் பயறுவகைச் செடிகளும் விதைத்தனர். பின் மரம் நட்டனர். 2022-இல் அங்கு நடப்பட்ட மரங்களின் எண்ணிக்கை ஒரு கோடியை எட்டியது.

நம் நாட்டில் ஜோத்பூர்க் கோட்டையை ஒட்டிய 70 ஹெக்டேர் பாறை நிலத்தில் 2006-இல் தொடங்கிய வேலை இன்னும் பொருத்தமானது. பாறையிடுக்குகளில் வேரூன்றிய சீமைக் கருவேலத்தை எவராலும் ஒழிக்க இயலவில்லை. இறுதியில், பாறையைத் தட்டி அதன் ஓசையால் உள்நிலையை அறியும் உள்ளூர்க் கல்வெட்டுத் தொழிலாளர்களே உளியால் வேரைக் களைந்தனர். அக்குழிகளில் அந்நிலத்திற்கே உரிய பாலைவனச் செடிகள் நடப்பட்டன. பாறையைப் படிக்கத் தெரிந்தவர் தங்கவயலில் போல் வேறெங்கும் இல்லை. அவர்களிற் பலர் முதியவராகிவிட்டனர். அவர்களுடைய அறிவு அவர்களோடு மறையுமுன் இளைஞர்க்குக் கைமாறுவதற்கு இவ்வேலை ஒரு வாயில்.

தொழிற் பேட்டைக்கு நிலம் வேண்டாமா என்பது அடுத்த கேள்வி. 12,000 ஏக்கரில் இரண்டுக்கும் இடமுண்டு. எது எங்கே என்பதை நிலப்படத்தில் முதலில் குறித்துக்கொள்ளாமல், தொழிற்சாலைக்கு ஒதுக்கியபின் எஞ்சும் துண்டுகளை மானுக்கு விடுவதே தவறு. வெளிமான் கூட்டத்திற்குச் சிதறிய பத்துத் துண்டுகள் ஒரு தொடர்ந்த வெளிக்கு ஈடாகா. துண்டுகளுக்கிடையே சாலையும் மதிலும் தெருநாயும் உண்டு.

சீர்செய்யும் முறை

சட்பரியின் சுண்ணாம்பு அமில மண்ணுக்கு மருந்து. தங்கவயல் மேடுகளுக்கு அதே மருந்து என்று கொள்ளலாகாது. சயனைடு முறையில் முன்பே சுண்ணாம்பு சேர்ந்திருக்கிறது. மேடுகள் வெவ்வேறு காலத்தவை. அவற்றின் தன்மையும் வேறுபடக்கூடும். எனவே ஒவ்வொரு மேட்டிலும் மண்ணின் அமில காரநிலை, உப்பு, ஆர்செனிக், ஈயம் முதலியவற்றைச் சோதித்தபின்னரே வேலை தொடங்குதல் முறை. முதலில் சரிவைப் படிப்படியாக வெட்டி, மழைநீர் மெல்ல இறங்குமாறு வடிகால் அமைத்து, கரைந்துவரும் பொடியைத் தேக்கும் தொட்டிகளை அடியில் கட்டுதல் வேண்டும். பின்னர் மேல்மண்ணும் மக்கிய எருவும் பரப்பி, கொழுக்கட்டைப்புல், வெட்டிவேர் போன்றவற்றையும், கொழிஞ்சி, ஆவாரை, விராலி போன்ற வறட்சி தாங்கும் செடிகளையும் பரிசோதனைப் பாத்திகளில் வளர்த்துப் பார்க்கலாம். வேர்ப்பிடிப்பே இங்கு நோக்கம், விளைச்சலன்று. உண்ணத்தக்க கனி தருவனவற்றை மேடுகளில் நடலாகாது. நச்சு உலோகங்கள் இலையிலும் பழத்திலும் ஏறக்கூடுமாதலால், சோதனை முடியும்வரை கால்நடை மேய்ச்சலையும் அங்கு அனுமதித்தலாகாது.

புல்வெளிக்கு உரிய வேலை வேறு. அங்கே செய்யவேண்டியது பெரும்பாலும் விலக்குதலே, நடுதலன்று. சீமைக் கருவேலத்தையும் உண்ணிச்செடியையும் களைந்தால் போதும். புல் தானே வரும். வெற்றிடம் கண்டவுடன் மரம் நடும் பழக்கத்தை இங்கு அடக்கிக்கொள்ளுதல் வேண்டும். கோலார் மாவட்டமே இதற்குச் சான்று. 1980-களின் சமூகக் காடு வளர்ப்புக் காலத்தில் மானாவாரி நிலங்களில் யூகலிப்டஸ் தோப்புகள் பெருகின. நிலத்தடி நீர் பற்றிய கவலை முற்றி, 2017-இல் கர்நாடக அரசாங்கம் புதிதாக அம்மரத்தை நடுவதைத் தடை செய்தது. நல்லெண்ணத்தோடு நட்ட மரமும் இடம் தவறினால் கேடாகும். புல்வெளியில் நெருக்கமாக மரம் நட்டால் வெளிமான் அவ்விடத்தைவிட்டு நீங்கும்.

ஆசிரியரும் களப்பணியாளரும்

இத்தகைய முயற்சி அரசாணை ஒன்றினால் மட்டும் உயிர்பெறுவதில்லை. நிலத்தில் என்ன உள்ளது என்னும் பதிவு முதலில் வேண்டும். பல்லுயிர்ச் சட்டம் ஸ்தல ஸ்தாபனந்தோறும் மேலாண்மைக் குழுவையும், மக்கள் பல்லுயிர்ப் பதிவேட்டையும் வேண்டுகிறது. பாரம்பரியத் தலம் கோரும் விண்ணப்பத்திற்கு அப்பதிவேடே வலிவான சாட்சி. பள்ளி ஆசிரியர்கள் மாணவரைக் கொண்டு புல்லினங்களையும் பறவைகளையும் மாதந்தோறும் குறித்து வைக்கலாம். மழைமானி ஒன்றைப் பள்ளியில் நிறுவலாம். வெளிமான்களை ஆண்டுக்கு இருமுறை ஒரே வழியில், ஒரே நேரத்தில் எண்ணினால், பத்தாண்டில் எவரும் மறுக்க இயலாத கணக்கு ஒன்று உருவாகும். இவ்வேலைக்குப் புல்வெளியும் குன்றுமே ஏற்ற இடம். மாணவரை மேடுகளின்மீது ஏற்றுதல் கூடாது; காற்று வீசும் நாளில் அவற்றின் அருகிலும் அழைத்துச் செல்லலாகாது.

களப்பணியாளரின் கடமை மற்றொன்று. தூசி எத்தெருவில் எம்மாதத்தில் மிகுதி, எவ்வோடை எவ்வேரியில் பொடியைச் சேர்க்கிறது, எவ்விடத்தில் எவர் ஆடு மேய்க்கின்றனர் என்பவற்றை ஊராரைக் கேட்டு நிலப்படத்தில் குறித்தல் வேண்டும். காப்பிடத்தின் எல்லை, அலுவலக மேசையில் கோடு போடப்பட்டால் அது முதல் நாளிலேயே ஆடு மேய்ப்பவரோடு சண்டையில் தொடங்கும். அவர்களைக் கேட்டு வரைந்த எல்லையை அவர்களே காப்பர்.

தங்கவயலிலிருந்து நாடு 800 டன் பொன் பெற்றது. அதற்குரிய கூலியைத் தொழிலாளர் பெற்றனர். இலாபத்தை உரியவர் பெற்றனர். வரியை அரசாங்கங்கள் பெற்றன. கணக்கில் வராது நின்ற ஒரே இனம் நிலத்தின் பங்கு. அப்பங்கை இரண்டாம் முறை மேடுகளைத் தொடுமுன் ஒதுக்கி, ஊராரின் பெயரிலேயே நிரந்தர நிதியாக வைப்பது தருமமன்று, நிலுவையைத் தீர்ப்பதாகும்.